அந்த மூன்றெழுத்து நடிகை யார்? கிசுகிசு ஏடுகள் வாசகரைப் பிடிக்கும் விதம்

ஆங் மோ கியோவின் வீவக புளோக்குகளுக்குக் கீழே இருந்த மாமா கடைகளில் ஒரு காலத்தில் தமிழ் வார இதழ்களைக் கயிறு கட்டி, கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். ரொட்டி வாங்க வந்தவரானாலும் சரி, தொலைபேசி அட்டை வாங்க வந்தவரானாலும் சரி, காசு கொடுக்க நிற்கும் இடத்தில் முகத்துக்கு நேரே ஒரு நடிகையின் முகம் இருக்கும். முகத்துக்குக் கீழே ஒரு கேள்வி இருக்கும். ‘காதல் முறிந்தது ஏன்?’ அல்லது ‘யார் அந்த மூன்றெழுத்து?’ கடைக்காரர் சில்லறை எண்ணி முடிப்பதற்குள் கை தானாகவே இதழை எடுத்துவிடும்.

வாங்கியவரைக் கேட்டால், “சும்மா பொழுதுபோக்குக்கு” என்பார். அது உண்மைதான். ஆனால் அந்த முகமும் அந்தக் கேள்வியும் அந்த இடமும் சும்மா அமைந்தவை அல்ல. யார் அங்கே நிற்பார், எவ்வளவு நேரம் நிற்பார், எதைப் பார்த்தால் கை நீளும் என்று கணக்குப் போட்டே இந்த வியாபாரம் நடந்து வந்திருக்கிறது. அந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்வது இன்னும் நல்லது.

பாதி எழுத்து, பாதி வாசகர்

மாதிரிக்கு ஒரு கிசுகிசு பார்ப்போம். எந்த இதழிலும் வந்ததல்ல, விளக்கத்துக்காக எழுதியது: ‘வெளிநாட்டுப் படப்பிடிப்புக்குப் போன உயரமான நாயகர், உடன் நடித்த துறுதுறு நடிகையின் அறைக்குப் பூங்கொத்து அனுப்பினாராம். விஷயம் வீட்டுக்காரம்மாவின் காதுக்கு எட்டி, இப்போது ஒரே ரகளையாம்.’

இரண்டே வரி. பெயர் இல்லை, ஊர் இல்லை, தேதி இல்லை, சொன்னவர் யார் என்பதும் இல்லை. செய்தி என்று பார்த்தால் இதில் ஒன்றுமே இல்லை. ஆனால் படித்து முடித்த அடுத்த நொடியே வாசகர் வேலையைத் தொடங்கிவிடுகிறார். உயரமான நாயகர் என்றால் இவரா, அவரா? அண்மையில் வெளிநாடு போன படக்குழு எது? அதில் நடித்தவர் யார்? தெரிந்த விவரங்களை எல்லாம் கூட்டிக் கழித்து ஒரு பெயரை அவரே போட்டுக்கொள்கிறார். குறுக்கெழுத்துப் போட்டிக்கு விடை கண்ட மகிழ்ச்சி அதில் கிடைக்கிறது. விடை சரியா என்று சொல்ல ஆள் இல்லாததால், பக்கத்து வீட்டுக்காரரிடமோ அலுவலக நண்பரிடமோ கேட்க வேண்டியிருக்கிறது. “இது யாருன்னு நினைக்கிறே?” என்ற அந்த ஒரு கேள்விதான் இதழுக்குக் காசில்லாமல் கிடைக்கும் விளம்பரம்.

தமிழ் மொழியும் இதற்குக் கைகொடுக்கிறது. ‘அனுப்பினார்’ என்று எழுதினால் எழுதியவர் பொறுப்பு. ‘அனுப்பினாராம்’ என்று எழுதினால் யாருமே பொறுப்பில்லை. ஒரே ஓர் ‘ஆம்’, சுமையை இறக்கி வைத்துவிடுகிறது. ஆங்கில ஏடுகள் ‘நெருங்கிய வட்டாரங்கள் தெரிவித்தன’ என்று ஒரு வரி முழுக்கச் செலவழித்துச் செய்வதைத் தமிழில் ஓர் ஒட்டு செய்கிறது. கிசுகிசு என்ற சொல்லே காதோடு பேசும் ஓசைதான். காதோடு சொன்னதற்குச் சாட்சி ஏது?

வாசகர் ஏன் இதில் இவ்வளவு ஆர்வம் காட்டுகிறார் என்பதற்கு ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் தந்திருக்கிறார்கள். 1956இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர், தொலைக்காட்சியில் வருபவருக்கும் பார்ப்பவருக்கும் இடையே வளரும் ஒருவழிப் பழக்கத்தைப் பற்றி எழுதினார்கள். திரையில் அடிக்கடி பார்க்கும் முகம் நாளடைவில் தெரிந்தவர் முகமாகிவிடுகிறது. அவருக்கு நம்மைத் தெரியாது. நமக்கோ அவர் வீட்டு மனிதர் போல. தெரிந்தவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்பது மனித இயல்பு. கிசுகிசு ஏடு அந்த இயல்பின் மேல்தான் கடை விரிக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கேலி செய்துவிட முடியாது. விவாகரத்து, இரண்டாம் திருமணம், மாமியார் கொடுமை, வயது வித்தியாசம், குடிப்பழக்கம் போன்றவற்றை நம் வீடுகளில் நேராகப் பேசுவது கடினம். ஒரு நடிகையின் மணமுறிவைச் சாக்காக வைத்துப் பேசுவது எளிது. “அவளுக்கு என்ன குறை? ஏன் சகித்துக்கொண்டு இருக்க வேண்டும்?” என்று மகள் கேட்கிறாள். அம்மா ஏதோ பதில் சொல்கிறாள். நடிகையைப் பற்றிய பேச்சு போலத்தான் இருக்கும். உண்மையில் அது அந்த வீட்டின் பேச்சு. கிசுகிசு படிப்பவர்கள் எல்லாரும் வம்புக்கு அலைபவர்கள் என்று ஒரே போடாகப் போடுவது நியாயமில்லை.

நிற்கிற இடத்தில் நிற்கும் புத்தகம்

வாசகரைக் குறிவைப்பதில் முதல் பாடம் இடம். அமெரிக்காவில் ‘நேஷனல் என்கொயரர்’ ஏட்டை 1952இல் வாங்கிய ஜெனரோசோ போப், தொடக்கத்தில் விபத்து, கொலை, இரத்தம் என்று படம் போட்டு விற்றார். தெருமுனைக் கடைகளில் ஆண்கள் வாங்கினார்கள். பிறகு மக்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தபோது தெருமுனைக் கடைகள் குறைந்தன. கூட்டம் பேரங்காடிகளுக்குப் போயிற்று. அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் குடும்பப் பெண்கள். பணம் கட்டும் வரிசையில் சும்மா நிற்கும் சில நிமிடங்கள்தான் போப்பின் கண்ணில் பட்டன. ஆனால் இரத்தப் படம் போட்ட ஏட்டை எந்தப் பேரங்காடி உள்ளே விடும்? ஆகவே 1960களின் பிற்பகுதியில் ஏட்டின் உள்ளடக்கத்தையே மாற்றினார். இரத்தம் போயிற்று, நட்சத்திரங்களின் காதல், உடல் இளைத்த கதை, அதிசய மருத்துவம் வந்தன. கவனிக்க வேண்டியது இதுதான்: இடத்தை முதலில் பிடித்து, அதற்கேற்றபடி பிறகே எழுதினார்கள்.

நம் ஊரிலும் இதே கணக்குதான். மாமா கடையின் பணப்பெட்டி அருகே ஓர் இடம், முடிதிருத்தும் கடையின் நாற்காலி, அழகு நிலையம், மருந்தகத்தின் காத்திருப்பு அறை. காத்திருக்கும் மனிதருக்கு நீண்ட கட்டுரை வேண்டாம். இரண்டு வரியும் ஒரு படமும் போதும்.

இரண்டாவது பாடம் அட்டை. 1974இல் தொடங்கிய ‘பீப்பிள்’ இதழின் முதல் ஆசிரியர் ரிச்சர்ட் ஸ்டோலி, அட்டையில் யாரைப் போட்டால் விற்கும் என்பதற்கு ஒரு வாய்ப்பாடே வைத்திருந்தார். முதியவரைவிட இளையவர், ஏழையைவிடப் பணக்காரர், சாதாரண முகத்தைவிட அழகிய முகம், அரசியல்வாதியைவிட வேறு யாரானாலும் சரி என்று அது போகும். பிற்பாடு அவரே ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்: இறந்துபோன பிரபலத்தை மிஞ்ச ஆளில்லை. 1980இல் பாடகர் ஜான் லென்னன் கொல்லப்பட்டபோது வந்த இதழின் விற்பனை அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தது. கேட்கக் கசப்பாக இருக்கிறது. தமிழ்ப் பிரபலம் ஒருவர் மறைந்த வாரத்தில் வந்த இதழ்களை நினைவுபடுத்திப் பாருங்கள், வாய்ப்பாடு கடல் தாண்டியும் பொருந்துவது தெரியும்.

ஒரே பேனா, பல பெயர்கள்

எல்லா வாசகரும் ஒரே மாதிரி இல்லை என்பதைத் தமிழ் வார இதழ்கள் நன்றாகவே புரிந்துவைத்திருந்தன. 1947இல் தொடங்கிய குமுதம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய எழுத்தாளர் ரா. கி. ரங்கராஜன் (2012இல் மறைந்தார்) பல புனைபெயர்களில் எழுதினார். திகில் கதை எழுத ‘கிருஷ்ணகுமார்’, குறும்புக் கதை எழுத ‘மாலதி’, நையாண்டிக்கு ‘முள்றி’, ‘லைட்ஸ் ஆன்’ என்ற சினிமாச் செய்திப் பகுதிக்கு ‘வினோத்’. திகில் விரும்பும் இளைஞருக்கு ஒருவர், வீட்டுப் பெண்களுக்கு ஒருவர், சினிமா ரசிகருக்கு ஒருவர் என்று ஆளுக்கொரு நண்பர் கிடைத்தார்கள். எல்லாருக்கும் பின்னால் இருந்தது ஒரே மனிதர்.

இது ஏமாற்று அல்ல. இதழியலில் பழகிப்போன, கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஒரே குடும்பத்தில் அப்பா, அம்மா, மகன், பாட்டி என்று நாலு பேர் ஒரே பிரதியைப் படிக்கும்போது நாலு பேருக்கும் ஏதாவது இருக்க வேண்டும். அந்தக் குடும்ப இதழின் ஒரு மூலையில் கிசுகிசுவும் உட்கார்ந்துகொண்டது. தனியாக வந்திருந்தால் வாசற்படி ஏற விட்டிருக்க மாட்டார்கள். தொடர்கதைக்கும் கோலத்துக்கும் சமையல் குறிப்புக்கும் நடுவே வந்ததால் மரியாதையாக உள்ளே வந்துவிட்டது.

சிங்கப்பூரிலிருந்தும் ‘இந்தியன் மூவி நியூஸ்’ என்ற தமிழ்த் திரை இதழ் பல ஆண்டுகள் வெளிவந்தது. சினிமாச் செய்தியோடு உள்ளூர் எழுத்தாளர்களின் சிறுகதைகளுக்கும் அது இடம் கொடுத்தது. சினிமாவுக்காக வாங்கியவர் கதையும் படித்தார்.

அவரும் பக்கத்து புளோக்தான்

ஒரு கேள்வி எழலாம். சிங்கப்பூர்த் தமிழ் வாசகர்கள் சென்னை நட்சத்திரங்களின் கிசுகிசுவை ஆவலோடு படித்தார்கள். உள்ளூர்த் தமிழ்த் தொலைக்காட்சிக் கலைஞர்களைப் பற்றி அப்படி ஓர் ஏடு ஏன் வளரவில்லை? ஆங்கிலத்தில் 1990இல் தொடங்கிய ‘எய்ட் டேஸ்’ உள்ளூர் நட்சத்திரங்களை வைத்தே பல ஆண்டுகள் விற்றது. 2018இல்தான் அச்சை நிறுத்தியது. சீன மொழியிலும் அத்தகைய ஏடுகள் இருந்தன.

வாசகர் தொகை சிறியது என்பது ஒரு காரணம். தூரம் போதாது என்பதுதான் பெரிய காரணம். கிசுகிசுவுக்குக் கொஞ்சம் தொலைவு வேண்டும். நேற்று நாடகத்தில் வில்லனாக வந்தவர் இன்று காலை ஈரச்சந்தையில் மீன் விலை கேட்டுக்கொண்டு நிற்கிறார். செய்தி வாசித்தவர் விரைவு ரயிலில் எதிர் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய அண்ணி உங்கள் தங்கையோடு படித்தவராக இருக்கலாம். ‘மூன்றெழுத்து’ என்று எழுதினால் இங்கே யாருக்கும் ஊகம் தேவையில்லை, உடனே தெரிந்துவிடும். எழுதியவர் யார் என்பதும் அதே வேகத்தில் தெரிந்துவிடும். சின்ன ஊரில் வம்பு வாய்வழியாகப் பரவும், அச்சில் ஏறாது. வாய்வழிப் பேச்சு நல்லது என்று இதற்குப் பொருளல்ல. அதில் அடிபட்டவர்கள் இங்கேயும் உண்டு.

கத்தியில் முடிந்த கிசுகிசு

தமிழ்க் கிசுகிசு ஏடுகளின் வரலாற்றைப் பேசும்போது 1944ஐத் தாண்டிப் போக முடியாது. சென்னையில் சி. என். லட்சுமிகாந்தன் என்பவர் ‘சினிமா தூது’ என்ற ஏட்டை நடத்தினார். போலி ஆவண வழக்கில் முன்பு சிறை சென்றவர். நடிகர் நடிகையரின் அந்தரங்கம் என்று அவர் எழுதியதைப் படிக்க ஆள்கள் ஏராளம். ஏட்டுக்கு இரண்டு வழியில் வருமானம் என்று அன்று பரவலாகக் குற்றம் சாட்டப்பட்டது. எழுதியதை விற்றால் வாசகரிடமிருந்து பணம். எழுதாமல் இருந்தால் சம்பந்தப்பட்டவரிடமிருந்து பணம்.

இந்த இரண்டாவது சந்தையை வாசகர்கள் அறிவதில்லை. அச்சில் வரும் கிசுகிசு ஒவ்வொன்றும் அச்சில் வராத வேறு பலருக்கு விடப்படும் எச்சரிக்கை ஆகிவிடுகிறது. ஆவலோடு காசு கொடுத்து வாங்கும் ஆயிரக்கணக்கான வாசகர்கள் இருப்பதால்தான் அந்த மிரட்டலுக்கு மதிப்பு. வாங்குபவர் இல்லையென்றால் மிரட்டுபவரிடம் என்ன இருக்கிறது?

அப்போது தமிழ்த் திரையின் உச்சத்தில் இருந்தவர் எம். கே. தியாகராஜ பாகவதர். நகைச்சுவையில் கொடிகட்டிப் பறந்தவர் என். எஸ். கிருஷ்ணன். இவர்களும் கோவைத் திரைப்பட அதிபர் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடுவும் சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்து, ஏட்டின் உரிமத்தை ரத்து செய்ய வைத்தார்கள். லட்சுமிகாந்தன் ஓயவில்லை. ‘இந்து நேசன்’ என்ற ஏட்டின் மூலம் அதே வேலையைத் தொடர்ந்தார். நடிகர்களோடு ஊரின் பெரிய மனிதர்களும் அதில் இழுபட்டார்கள்.

1944 நவம்பர் 8ஆம் தேதி, வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். அடுத்த மாதமே பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். ஸ்ரீராமுலு நாயுடுவும் வழக்கில் சேர்க்கப்பட்டார். அந்த ஆண்டுத் தீபாவளிக்குத்தான் பாகவதரின் ‘ஹரிதாஸ்’ வெளியாகியிருந்தது. படம் சென்னையில் மூன்று தீபாவளி கண்டது. கதாநாயகன் சிறையில், படம் அரங்கில். பட முதலாளிகளுக்குக்கூட இப்படி ஒரு கதை தோன்றியிருக்காது.

1945இல் நாயுடு விடுதலையானார். மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு மறுபடி சென்னைக்குத் திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை செய்யப்பட்டார்கள்.

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இதெல்லாம் உடனுக்குடன் தெரிய வழியில்லை. 1944இல் இந்த ஊர் ஜப்பானியர் கையில் ‘சியோனான்’ என்ற பெயரோடு இருந்தது. இசைத்தட்டில் பாகவதர் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் போர் முடிந்த பிறகே நடந்ததை விவரமாக அறிந்தார்கள்.

விடுதலைக்குப் பிறகு கிருஷ்ணன் மீண்டும் திரைக்கு வந்து வெற்றி பெற்றார். பாகவதருக்கு அது வாய்க்கவில்லை. படங்கள் எடுத்தார், நடித்தார்; பழைய இடம் திரும்பவில்லை. 1959இல் காலமானார். குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொன்ன ஒருவர் இழந்தது, வாழ்வின் மிக நல்ல இரண்டரை ஆண்டுச் சுதந்திரம். அதோடு தொழிலும் போயிற்று. ஏட்டை நடத்தியவர் உயிரையே இழந்தார். அவர் எழுதியதை வாரா வாரம் வாங்கியவர்கள் வழக்குச் செய்தியையும் அதே ஆவலோடு வாங்கிப் படித்தார்கள்.

பட்டப்பெயர் பெயராகும்போது

பெயர் சொல்லாமல் எழுதுவது தமிழ்க் கிசுகிசுவின் எழுதப்படாத சட்டம். அது மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதை 2009 அக்டோபரில் தமிழ்நாடு பார்த்தது. கைதான ஒரு நடிகை சொன்னதாக, வேறு பல நடிகைகளின் பெயர்களைப் படங்களோடு ஒரு நாளிதழ் அச்சிட்டது. திரையுலகம் கொதித்தது. அந்த நாளிதழின் செய்தி ஆசிரியர் கைது செய்யப்பட்டார். நடிகர் சங்கத்தின் கண்டனக் கூட்டத்தில் பேசிய சிலர் ஆத்திரத்தில் பத்திரிகையாளர்கள் எல்லாரையும் சேர்த்து இழிவாகப் பேசிவிட, அவர்கள் மீது அவதூறு வழக்கு வந்தது. 2017இல் நீலகிரி மாவட்ட நீதிமன்றம் ஒன்று எட்டு நடிகர்களுக்குப் பிடிவாரண்டு பிறப்பிக்கும் அளவுக்கு அது நீண்டது. அச்சில் வந்த பெயர்களுக்கு உரிய பெண்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் மறுநாள் காலை எப்படி வெளியே போனார்கள் என்பது எந்த வழக்கிலும் பதிவாகவில்லை.

பட்டப்பெயர் போட்டால் சட்டம் தொடாது என்று நினைப்பவர்கள் உண்டு. அவதூறுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பெயர் இருக்கிறதா என்று மட்டும் அது பார்ப்பதில்லை. படிக்கிற சாதாரண மனிதருக்கு இன்னார் என்று புரிகிறதா என்று பார்க்கிறது. புரியும்படி எழுதினால்தான் கிசுகிசு விற்கும். புரிந்துவிட்டால் வழக்கு நிற்கும். நட்சத்திரங்கள் பெரும்பாலும் வழக்குப் போடாததற்குக் காரணம் வேறு: வழக்குப் போட்டால் ‘அது நான்தான்’ என்று அவர்களே ஊருக்கு அறிவித்தது போல் ஆகிவிடும்.

கயிற்றிலிருந்து கைப்பேசிக்கு

கிளிப் மாட்டித் தொங்கிய இதழ்கள் இன்று வெகுவாகக் குறைந்துவிட்டன. வித்தை குறையவில்லை. யூடியூபில் ஒரு காணொளியின் முகப்புப் படத்தைப் பாருங்கள். அழும் முகம் ஒன்று, சிவப்பு வட்டம் ஒன்று, ‘யார் அந்த நடிகை?’ என்ற கேள்வி ஒன்று. பழைய அட்டையேதான். பத்து நிமிடம் பார்த்த பிறகும் பெயர் வராது. பார்த்த நிமிடங்கள்தான் அங்கே காசு.

ஒரு மாற்றம் பெரியது. அந்தக் காலத்து ஆசிரியர் வாசகரை ஊகித்தார். இல்லத்தரசிக்கு இது பிடிக்கும், கல்லூரி மாணவருக்கு அது பிடிக்கும் என்று மொத்தமாகக் கணக்குப் போட்டார். கைப்பேசி ஊகிப்பதில்லை. நேற்று இரவு எந்தப் படத்தில் விரல் ஒரு நொடி அதிகம் நின்றது என்று அதற்குத் தெரியும். மணமுறிவுச் செய்தியை ஒருமுறை திறந்தவருக்கு அடுத்தடுத்து மணமுறிவுச் செய்திகளாகவே வந்து விழும். தன் வீட்டிலேயே அந்தக் கவலை உள்ள ஒருவருக்கு இது என்ன செய்யும் என்று யோசிக்க வேண்டும். முன்பு மாமா கடைக்குப் போனால்தான் இதழ். இப்போது தலையணைக்கு அடியிலேயே கடை.

இன்னொரு மாற்றம், யாரைப் பற்றி என்பதில். கிசுகிசு எழுத முன்பு அச்சகம் வேண்டும், காகிதம் வேண்டும், விற்கப் பிரபலம் வேண்டும். இன்று பள்ளி மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில்கூட அதே நடை வந்துவிட்டது: ‘மூன்றாம் வரிசையில் உட்காரும் அந்த மூன்றெழுத்து, பேருந்து முனையத்தில் யாரோடு நின்றாளாம்?’ பாகவதருக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள், இலண்டன் வரை போகப் பணம் இருந்தது. பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அடுத்த நாள் அதே வகுப்புக்குத்தான் போக வேண்டும்.

சிங்கப்பூரில் 2014இல் தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் நிறைவேறியது. ஒருவரை இன்னார் என்று காட்டும் விவரங்களைத் தொல்லை கொடுக்கும் நோக்கத்தோடு வெளியிடுவதும் 2019இல் செய்யப்பட்ட திருத்தத்தில் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர் பாதுகாப்பு ஆணை கேட்டு நீதிமன்றத்தை நாடலாம். அதற்கு அவர் திரை நட்சத்திரமாக இருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் கைப்பேசியில் அப்படி ஒரு செய்தி கண்ணில் பட்டால், அதை அழித்துவிடாமல் தேதியோடும் அனுப்பியவர் பெயரோடும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியிலோ காவல் நிலையத்திலோ முறையிடும்போது முதலில் கேட்கப்படுவது அதுதான்.